நான்காம் இடம் இல்லை

ஜூடோவின் முடிவுத்தாளில் இப்படித்தான் வரும்:
ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று,
ஐந்து, ஐந்து, ஏழு, ஏழு.
நான்கு எங்கே போனது என்று
திபிலிசி அரங்கின் அச்சு இயந்திரத்துக்குத் தெரியாது.
தெங்கிஸுக்குத் தெரியும்.
பதினோரு வருடமாகத் தாளை ஒட்டுபவர் அவர்தான்.
"வெண்கலம் இரண்டு கொடுக்கிறோம் இல்லையா,
அதிலே நான்கு கரைந்துவிடுகிறது" என்பார்,
ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்தபடி.

எழுபது கிலோ பெண்கள். வெள்ளிக்கிழமை.
பதினெட்டு நாடுகளிலிருந்து இருபத்தாறு பேர்.
காலையில் பாதி இருக்கைகள் காலி.
நாதெலா கோகயா பாயில் ஏறியபோது
அந்தக் காலி இருக்கைகளும் கத்தின.

இறுதிச் சுற்று நாற்பது வினாடிகூட ஓடவில்லை.
பிரேசிலின் ஜன்தீரா
எதிராளியின் சட்டைக் கழுத்தைப் பிடித்தாள், திரும்பினாள்,
முதுகில் ஒரு மலையை ஏற்றி
அந்தப் பக்கம் இறக்கி வைத்தாள்.
நடுவரின் கை நேராக மேலே போனது:
இப்பொன்!
ஜப்பானியச் சொல். முழுப்புள்ளி என்று பொருள்.
என் காதுக்கு மட்டும் அது
தமிழாகவே வந்து விழுகிறது:
இப்பொன், இந்தப் பொன்.
தவறில்லை. பொன் அவளுக்குத்தான்.

கீழே கிடந்தவள் மங்கோலியாவின் முங்க்சோல்மோன்.
பெயரின் பின்பாதிக்கு
அவர்கள் மொழியில் விடிவெள்ளி என்று அர்த்தமாம்.
நாளும் வெள்ளி, பெயரும் வெள்ளி,
கழுத்தில் தொங்கியதும் வெள்ளி.
முகம்தான் இன்னும் விடியவில்லை.

வெண்கலக்காரிகளைப் பாருங்கள்,
உஸ்பெகிஸ்தானின் ஸுல்ஃபியா, ஸ்லோவேனியாவின் நேஷா:
கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள்,
கல்யாண வீட்டுக்காரர்கள் போல
எல்லோரையும் கட்டிப்பிடிக்கிறார்கள்.

நாதெலாவை யாரும் வீழ்த்தவில்லை.
நான்கு நிமிடம் முடிந்து,
கோல்டன் ஸ்கோரில் இன்னும் ஆறு நிமிடம் ஓடி,
கச்சை அவிழ்ந்து இரண்டு முறை கட்டி,
விரல் நாடாக்கள் நூலாய்த் தொங்க,
நின்றுகொண்டுதான் இருந்தாள்.
நடுவரின் சுட்டுவிரல் நீண்டது.
தாக்கவில்லையாம். மூன்றாம் எச்சரிக்கை.
முதல் வகுப்பில் விழச் சொல்லித்தருகிறார்கள்.
விழாமல் தோற்பதற்கு
எந்த ஊரிலும் வகுப்பு இல்லை.

கொடிகள் நான்கு ஏறின.
வெண்கலக் கொடிகள் இரண்டும் ஒரே உயரத்தில்,
ஒன்றில் மட்டும் இஸ்திரி போடாத மடிப்பு.
பிரேசிலின் கீதம் சுவருக்குப் பின்னாலிருந்து
போர்வைக்குள் பாடுவதுபோலக் கேட்கிற அறையில்
நாதெலா உட்கார்ந்திருந்தாள்.
எடை பார்க்கும் அறை.
மின்கருவியை அணைக்க யாரோ மறந்திருந்தார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள்
போர்ச்சுகலின் லியோனோர். இன்னொரு ஐந்து.
இருபது வினாடி நேஷாவின் அடியில் கிடந்து தோற்றவள்.
கூரையில் பதினான்கு விளக்குகள்,
எண்ணிவிட்டேன், என்று விரல்களால் சொன்னாள்.
இவர்கள் இருவரும் மோதிக்கொண்டதே இல்லை.
யார் பெரியவள் என்று எந்தத் தாளும் சொல்லாது.
பொதுவாக அவர்களிடம் இருந்தவை
முப்பது ஜப்பானியச் சொற்கள்,
இரண்டு ஆங்கிலச் சொற்கள்,
நாதெலாவின் அக்காள் கொடுத்தனுப்பிய
ஒரு பெரிய கச்சாபுரி.

நேற்று மாலை இதே கருவியில் நாதெலா 69.9.
அதற்காக இரண்டு நாள் தண்ணீர் தொடவில்லை.
எச்சிலைக்கூடப் புட்டியில் துப்பினாள்.
இப்போது பாலாடைக்கட்டி இழுபட இழுபடத் தின்று,
விரலை நக்கி, கருவியில் ஏறினாள்.
72.4.
லியோனோர் ஏறினாள். 71.8.
இறங்கி, நடுவரைப் போல விறைத்து நின்று
நாதெலாவின் பக்கம் கை உயர்த்தினாள்:
"இப்பொன்!"

சிரிப்புச் சத்தம் கேட்டு தெங்கிஸ் எட்டிப் பார்த்தார்.
கையில் தாள், வாயில் நாடா.
ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

லியோனோர் எடைக்கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அறுநூறு கிராம்.
மிச்சமிருந்த துண்டை
இரண்டே கடியில் விழுங்கினாள்.
"கோல்டன் ஸ்கோர்" என்றாள்,
மறுபடி ஏறினாள்.